அந்த நாலெழுத்து மாறினால் ஆளும் மாறிவிட்டாரா?

ஒருவரின் குணத்தை நாலெழுத்து டைப்பாகச் சொல்கிற எம்பிடிஐ டெஸ்ட்டைப் படிக்கிற காலத்தில் எடுத்தபோது ஐஎன்எஃப்பி, வேலைக்குப் போன பிறகு எடுத்தால் ஐஎன்டிஜே, குழந்தை பிறந்த பிறகு எடுத்தால் ஈஎன்எஃப்ஜே. "இதில் எதுதான் நான்?" என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கேட்கும் குரலில் கொஞ்சம் பதற்றமும் இருக்கும். இவ்வளவு நாள் தன்னைப் பற்றித் தெரிந்துவைத்திருந்தது எல்லாம் பொய்யா என்கிற மாதிரி.

உடனே இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வரும். டைப் என்பது பிறவியிலேயே வருவது, மாறவே மாறாது, மாறியிருந்தால் போன தடவை நீங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்பார்கள் ஒரு பக்கத்தார். இந்த டெஸ்ட்டே ராசிபலன் மாதிரி, அதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்கிறீர்களே என்பார்கள் இன்னொரு பக்கத்தார். இரண்டுமே எனக்குப் போதவில்லை. கேள்விக்குள்ளே இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அதைப் பிரிக்காமல் எந்தப் பதில் சொன்னாலும் பாதிதான் சரியாக இருக்கும். டெஸ்ட் கொடுத்த பெயர் மாறுவது ஒன்று, மனிதர் மாறுவது வேறொன்று. ஆள் துளியும் மாறாமலே பெயர் மாறலாம். பெயர் அப்படியே இருக்க, ஆள் நிறைய மாறியிருக்கலாம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் உளவியல் வகைகள் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். உள்முகம், வெளிமுகம் (இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ரோவர்ட்) என்ற பிரிப்பு பரவலானது அதிலிருந்துதான். அதைப் படித்து ஈர்க்கப்பட்ட கேதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும், இரண்டாம் உலகப் போர் நடந்த வருடங்களில் அதை எம்பிடிஐ என்ற கேள்வித்தாளாக மாற்றினார்கள். யுங்கிடம் வெளிப்படையாக இல்லாத நாலாவது எதிரெதிர் ஜோடியையும் (திட்டமிட்டு நடப்பவரா, போகிற போக்கில் விடுபவரா என்று சொல்ல, ஜே அல்லது பி என்று கடைசியில் வருகிற எழுத்து) அவர்கள்தான் சேர்த்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒரு எழுத்து, நாலு ஜோடி, 16 வகை. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற டெஸ்ட்டுகளில் பலவும் இந்த வழியில் வந்தவைதான். எம்பிடிஐ தரப்பின் நிலைப்பாடு, டைப் மாறாது, வயதோடு அது வளரும் என்பது. யுங்குக்கு இதில் வேறு ஒரு பார்வையும் உண்டு. வாழ்க்கையின் முதல் பாதியில் வளராமல் கிடந்த பக்கங்கள் இரண்டாம் பாதியில் மேலே வரும் என்று நம்பியவர் அவர். நாற்பதைத் தாண்டியவர்கள் பலருக்கு இது பழகிய விஷயமாக இருக்கும்.

சரி, அப்படியென்றால் ரிசல்ட் ஏன் மாறுகிறது? பெரும்பாலான நேரம் காரணம் கணக்குதான். உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பேரை நிற்கவைத்து, 165 சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டு, மேலே இருப்பவர் எல்லாம் நெட்டை, கீழே இருப்பவர் எல்லாம் குட்டை என்று எழுதிக்கொண்டால், 164-இல் இருப்பவரும் 166-இல் இருப்பவரும் எதிரெதிர் வகை ஆகிவிடுவார்கள். 166-இல் இருப்பவரும் 190-இல் இருப்பவரும் ஒரே வகை. குணமும் இப்படித்தான் பரவியிருக்கிறது. உள்முகம் ஒரு கூட்டம், வெளிமுகம் இன்னொரு கூட்டம் என்று நடுவில் இடைவெளி விட்டு மனிதர்கள் நிற்பதில்லை. அதிகம் பேர் நடுவில்தான் நிற்கிறார்கள், இரண்டு ஓரங்களிலும் கொஞ்சம் பேர். கோடு போடுவதோ கூட்டம் அதிகமாக இருக்கிற அந்த நடு இடத்தில். அன்றைக்குத் தூக்கம் சரியில்லை என்றாலே போதும், கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவர் அந்தப் பக்கம் போய்விடுவார்.

இதில் நாலு கோடுகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எழுத்தும் மறுபடி அப்படியே வருவதற்கு 85 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், நாலும் ஒன்றாக அப்படியே வருவதற்கான வாய்ப்பு 52 சதவீதம்தான், பெருக்கிப் பார்த்தால் தெரியும். டேவிட் பிட்டெஞ்சர் என்ற உளவியலாளர் 1993-இல் இந்த டெஸ்ட்டைப் பற்றிய ஆய்வுகளை அலசி எழுதியபோது, ஐந்தே வாரத்தில் மறுபடி எடுத்தவர்களில் பாதிப் பேர் வரைக்கும் வேறு வகைக்குப் போயிருந்ததைச் சுட்டிக்காட்டினார். ஐந்து வாரத்தில் பாதிப் பேருக்குக் குணம் மாறியிருக்குமா என்ன? கோடுதான் அவர்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிவிட்டது.

கேள்விகளையே கொஞ்சம் நின்று கவனித்தாலும் இது புரியும். "புதியவர்கள் நிறைந்த இடத்தில் நீங்களாகப் போய்ப் பேச்சைத் தொடங்குவீர்களா?" என்ற வகைக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் எல்லா டெஸ்ட்டிலும் இருக்கும். இதற்குப் பதில் சொல்ல மனசு ஒரு காட்சியைத் தேடும். போன வாரம் வேலை நிமித்தமாகப் போன கூட்டம் ஞாபகத்துக்கு வந்தால் "ஆமாம்" பக்கம் சாய்வீர்கள், யாரையும் தெரியாமல் சுவரோரம் போனைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மாலை ஞாபகத்துக்கு வந்தால் "இல்லை" பக்கம். இரண்டுமே நீங்கள்தான், இரண்டு பதிலிலும் பொய் இல்லை. அதே கேள்வியை அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்புகிறவருக்கும், ராத்திரி படுக்கையில் நிரப்புகிறவருக்கும் வருகிற காட்சிகளே வேறு.

இனி அடுத்த கேள்வி, எனக்கு முக்கியமானது இதுதான். பெயரை விடுங்கள். ஆள் மாறுவாரா?

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றுதான் நாம் கேட்டு வளர்ந்தோம். உளவியலின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ஜேம்ஸும் 1890-இல் ஏறக்குறைய இதையேதான் எழுதினார், முப்பது வயதுக்குள் பெரும்பாலோர் குணம் சாந்து மாதிரி இறுகிவிடும், அப்புறம் இளகாது என்று. அந்த முப்பது வயதுக் கணக்கு ரொம்ப காலம் யாரும் தொடாத உண்மை போல உலவியது. 2003-இல் நாலு ஆய்வாளர்கள் 21 முதல் 60 வயது வரை உள்ள 1,32,515 பேரின் பதில்களை வைத்து இதைச் சோதித்தார்கள். முப்பதைத் தாண்டியும் குணங்கள் நகர்ந்துகொண்டேதான் இருந்தன.

இந்த மாதிரி ஆய்வுகள் வகை வகையாகப் பிரிப்பதில்லை. ஐந்து குணங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒருவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று அளக்கின்றன. புதியதற்கு மனம் திறந்திருப்பது, பொறுப்போடு ஒழுங்காகச் செய்வது, நாலு பேரோடு கலகலப்பாக இருப்பது, பிறரோடு இணங்கிப் போவது, சட்டென்று கவலையிலும் கலக்கத்திலும் விழுவது. பிக் ஃபைவ் என்பார்கள். எல்லை போட்டுப் பெயர் வைக்காததால், மெல்ல நடக்கும் மாற்றமும் இதில் கண்ணில் படும். ஒரே ஆட்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த 92 ஆய்வுக் குழுக்களின் தரவுகளை ஒன்றாகத் தொகுத்து 2006-இல் ஒரு கட்டுரை வந்தது. சராசரியாக மனிதர்கள் வயதாக ஆக அதிகப் பொறுப்போடும், அதிக மன நிதானத்தோடும், இன்னும் இணக்கமாகவும் ஆகிறார்கள் என்பது அதன் சாரம். மாற்றம் அதிகம் நடப்பது இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில். வேலை, குடும்பம், கடன், பிள்ளை என்று எல்லாம் வந்து விழுகிற வயது அது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு, "பார்த்தீர்களா, எல்லாமே மாறும்" என்று கைதட்டவும் முடியாது. சராசரி நகர்வது வேறு, ஒரு கூட்டத்துக்குள் நம் இடம் நகர்வது வேறு. வகுப்பிலேயே அமைதியாக இருந்த பெண், நாற்பது வயதில் முன்பைவிட நன்றாகப் பேசுவாள். ஆனால் அதே வகுப்பு மறுபடி ஒன்றாக உட்கார்ந்தால் அப்போதும் அமைதியான ஓரத்தில்தான் இருப்பாள். வரிசையில் நம் இடம் எவ்வளவு நிலைக்கிறது என்பதை 0-விலிருந்து 1 வரை ஒரு எண்ணாகச் சொல்வார்கள். 152 ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் வந்த கட்டுரை சொல்லும் கணக்கு இது: சிறு வயதில் 0.31, கல்லூரி வயதில் 0.54, முப்பதில் 0.64, ஐம்பதிலிருந்து எழுபதுக்குள் 0.74. வயதாக ஆக இடம் கெட்டிப்படுகிறது. ஆனால் எந்த வயதிலும் அது 1-ஐத் தொடுவதில்லை. முப்பதில் கதவு சாத்தப்படுகிறது என்பதற்கு எந்த அடையாளமும் இந்த எண்களில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகுகிறது, அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு ஆய்வை இந்த இடத்தில் பலரும் இழுப்பார்கள். 14 வயதில் 1,208 பிள்ளைகளைப் பற்றி அவர்களுடைய ஆசிரியர்கள் மதிப்பீடு எழுதினார்கள். அவர்களில் 174 பேரை 77 வயதில் மறுபடி அளந்தபோது, சிறு வயது மதிப்பீட்டுக்கும் இப்போதைய குணத்துக்கும் சொல்லிக்கொள்கிற தொடர்பே தெரியவில்லை. 63 வருடத்தில் ஆளே வேறு ஆகிவிடுகிறார் என்று தலைப்புப் போட வசதியான முடிவு. எனக்கு அதில் தயக்கம் உண்டு. அன்று அளந்தது ஆசிரியர், பிறகு அளந்தது தானும் தன்னைத் தெரிந்த ஒருவரும். வகுப்பில் ஒரு ஆசிரியர் கண்ணில் படுகிற பிள்ளை, முழுப் பிள்ளை இல்லையே. அமெரிக்காவில் 16 வயதிலும் 66 வயதிலும் ஒரே ஆட்களே தங்களைப் பற்றிச் சொன்னதை ஒப்பிட்டபோது, மாற்றமும் நிறைய இருந்தது, தொடர்ச்சியும் கணிசமாக இருந்தது. நான் வாழ்ந்து பார்த்ததோடு ஒத்துப்போவது இந்த இரண்டாவதுதான்.

எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பேச மாட்டார். வீட்டில் போன் அடித்தால் எடுத்து, யார் என்று கேட்டதும் அம்மாவிடம் நீட்டிவிடுவார். சொந்தக்காரர்களுக்கு வாழ்த்துச் சொல்வதும், துக்கம் விசாரிப்பதும், பிள்ளைகளின் ஆசிரியரைப் பார்ப்பதும் எல்லாமே அம்மாதான். அறுபதைத் தாண்டிய பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு குழறிவிட்டது. அப்போது மருத்துவரிடம் விவரம் சொல்ல, பரிசோதனைக்கு நேரம் வாங்க, விசாரிக்கிற அத்தனை பேருக்கும் பதில் சொல்ல அப்பாவைத் தவிர வேறு ஆள் இல்லை. போன் பண்ணுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் 1, 2, 3 என்று எழுதிக்கொள்வார். பேசி முடித்ததை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பேசும்போது எழுந்து நின்றுகொள்வார், உட்கார்ந்து பேசினதே இல்லை. மாதங்கள் போகப் போகத் தாள் சின்னதானது, அப்புறம் இல்லாமலே போனது. மருத்துவமனையில் காத்திருக்கிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார். முதல் தடவை அதை நேரில் கேட்டபோது நான் திரும்பிப் பார்த்தேன், சொன்னது அப்பாதானா என்று.

இப்போது அவரை யாராவது புதிதாகச் சந்தித்தால் நன்றாகப் பழகுகிற பெரியவர் என்பார்கள். ஆனாலும் வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பார். அது இன்றும் மாறவில்லை. அவர் இன்ட்ரோவர்ட்டா எக்ஸ்ட்ரோவர்ட்டா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. மாறினாரா என்று கேட்டால் தயங்காமல் ஆமாம் என்பேன்.

வில்லியம் ஃப்ளீசன் என்ற ஆய்வாளர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது. ஒரு நாளில் பல தடவை ஆட்களிடம் "இந்த ஒரு மணி நேரத்தில் எப்படி நடந்துகொண்டீர்கள்?" என்று கேட்டுப் பதிவு செய்தார். ஒரே ஆள் ஒரே வாரத்தில் கலகலப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை போய் வருவது சாதாரணமாக இருந்தது. ஆனால் அவரவர் சராசரி வாரத்துக்கு வாரம் பெரிதாக அசையவில்லை. குணம் என்று நாம் சொல்வது அந்தச் சராசரியைத்தான். எங்கேயும் நிரந்தரமாக நிற்காமல் ஒரு இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறோம். வாழ்க்கை ஒருவரைத் தினம் தினம் ஒரே பக்கம் இழுத்தால், அந்தச் சுற்றின் நடு இடமே மெல்ல நகர்ந்துவிடும். அப்பாவுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறவியிலேயே வருவது எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், மனிதருக்கு மனிதர் குணத்தில் தெரியும் வேறுபாட்டில் நாற்பது முதல் ஐம்பது சதவீதம் வரை மரபணுவோடு தொடர்புடையது என்கின்றன. அது பெரிய பங்கு. மிச்சமும் பெரிய பங்கு. எதிர்ப்பக்கமும் நகரலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ஜெர்மனியில் ராணுவப் பயிற்சிக்குப் போன இளைஞர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டு 2012-இல் வந்த ஆய்வில், போனவர்களுக்கு இணக்கம் குறைவாக இருந்தது, பயிற்சி முடிந்து வருடங்கள் கழித்தும் அந்த வித்தியாசம் தெரிந்தது. தினமும் இருக்கிற இடம் நம்மை உருவாக்குகிறது, நல்லதாகவும் கெட்டதாகவும். வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தோடு இதையும் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

வேண்டும் என்று நினைத்து மாற்றிக்கொள்ள முடியுமா? ஓரளவு முடியும். மனநலச் சிகிச்சை போன்ற முயற்சிகளுக்கு முன்னும் பின்னும் குணத்தை அளந்த 207 ஆய்வுகளை 2017-இல் தொகுத்தார்கள். சராசரியாக 24 வார காலம். கலக்கம் குறைந்து மன நிதானம் கூடுவதுதான் அதில் பளிச்சென்று தெரிந்தது. சிகிச்சை இல்லாமலும் முடியுமா என்பதற்கு நேதன் ஹட்சனும் சக ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 377 மாணவர்கள், 15 வாரம். எந்தக் குணத்தை வளர்க்க ஆசை என்று அவர்களே தேர்ந்தெடுத்து, அதற்கான சின்னச் சின்ன வேலைகளை வாரா வாரம் ஏற்றுக்கொண்டார்கள். புதியவர் ஒருவருக்கு வணக்கம் சொல்வது மாதிரி அவ்வளவு சின்ன வேலைகள். செய்து முடித்தவர்களிடம் மாற்றம் தெரிந்தது. செய்கிறேன் என்று ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆசை எல்லோருக்கும் இருந்தது. மாற்றம் வேலையைச் செய்தவர்களுக்கு வந்தது.

இதனால்தான் டைப்பைச் சொல்லி ஒதுங்கிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கூட வேலை செய்த ஒரு பெண்ணுக்கு அவ்வளவு தெளிவு. ஒரு சிக்கலை அவர் தாளில் எழுதிக் காட்டினால் எல்லோருக்கும் புரியும். அதை நாலு பேர் முன்னால் சொல்லுங்கள் என்றால், "என் டைப்புக்கு அது வராதுங்க" என்பார். அந்த டெஸ்ட்டை அலுவலகமே ஒரு பயிற்சியில் கொடுத்திருந்தது, ரிசல்ட்டை மேசையில் ஒட்டிவைக்கவும் சொன்னார்கள். அதற்கு முன்பு அவருக்குக் கூச்சம் இருந்தது, இப்போது அந்தக் கூச்சத்துக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. மேலே இருப்பவர்களும் அதைப் பார்த்துவிட்டு அவரைக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். எம்பிடிஐயை வெளியிடும் நிறுவனமே, ஆள் எடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. யாருக்கு எந்த வாய்ப்பு என்று முடிவு செய்வதும் அதே மாதிரித் தப்புதான் என்பேன்.

நம்மைப் பற்றி நாமே போடுகிற கணக்கும் இங்கே சரியாக வருவதில்லை. 18 முதல் 68 வயது வரை 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கடந்த பத்து வருடத்தில் எவ்வளவு மாறினீர்கள் என்றால் எந்த வயதுக்காரரும் நிறைய என்றார்கள். அடுத்த பத்து வருடத்தில் எவ்வளவு மாறுவீர்கள் என்றால் கொஞ்சம்தான் என்றார்கள். இருபதில் இருப்பவரும் அப்படி, ஐம்பதில் இருப்பவரும் அப்படி. இன்று இருக்கிற ஆள்தான் கடைசி ஆள் என்று எல்லா வயதிலும் தோன்றுகிறது போலிருக்கிறது.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் பேசியது வருடக்கணக்கில் நடக்கிற நகர்வைப் பற்றி. சில வாரத்திலோ மாதத்திலோ ஒருவர் வேறு ஆளாக ஆகிவிட்டால், அதை டைப் மாறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எப்போதும் பொறுமையாக இருந்தவர் திடீரென்று எரிந்து விழுவது, கவனமாகச் செலவு செய்தவர் கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கொட்டுவது, பாசமாக இருந்தவருக்கு யார் அழுதாலும் உறைக்காமல் போவது, இவற்றுக்குப் பின்னால் மன அழுத்த நோய் இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், தலையில் பட்ட அடி இருக்கலாம், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒரு வகை டிமென்ஷியாவாகவும் (மூளை படிப்படியாகச் செயலிழக்கும் நோய்) இருக்கலாம். அந்த வகை, ஞாபக மறதிக்கு முன்பே குண மாற்றமாகத்தான் பலருக்கு வெளிப்படும், அறுபது வயதுக்கு முன்னாலேயே கூட வரும். வீட்டில் இருப்பவர்கள் "இப்போதெல்லாம் இப்படி ஆகிவிட்டார்" என்று கோபப்பட்டே வருடங்களைக் கழித்துவிடுகிறார்கள். டாக்டரிடம் போகும்போது எப்போதிலிருந்து, எந்த விஷயத்தில் என்று எழுதி எடுத்துப் போனால் அவருக்கு உதவும்.

மற்றபடி, டெஸ்ட் எடுத்துப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. எடுத்தால் எழுத்தைக் குறித்துக்கொள்ளாமல் சதவீதத்தைக் குறித்துவையுங்கள். 51-இலிருந்து 48-க்கு வந்திருந்தால் எழுத்து மாறியிருக்கும், உங்களிடம் ஒன்றும் மாறியிருக்காது. 90-இலிருந்து 65-க்கு வந்திருந்தால் எழுத்து அதேதான் இருக்கும், ஆனால் அங்கே கேட்க வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. உங்களைப் பத்து வருடமாகத் தெரிந்த ஒருவரையும் உங்களுக்காக அதே கேள்விகளை நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு தாளும் எங்கே ஒத்துப்போகவில்லையோ, பேச வேண்டிய இடம் அதுதான்.